நெய்வேலி மண்ணில் மறைந்த ஊர்களும் அவற்றை நினைந்து வாழும் முதியோரும்

தோற்றுவாய்



ஒருவரை அறிய விரும்புவோர் முதற்கண் வினவுவன மூன்று. பெயர் யாது? தந்தையார் யாவர்? ஊர் யாது? இம்மூன்றனுள் முன்னிரண்டிற்கும் தயங்காது விடை பகர்ந்து, மூன்றாவதனைக் கேட்டவுடன் சிறிது நின்று பின்னர் மொழியும் முதியோர் பலர் நம் கடலூர் மாவட்டத்தில் உளர். அவர்கள் ஊரை மறந்தாரல்லர். அவர்கள் பிறந்த ஊர் இன்று இல்லை. அதனை நெருப்பு உண்டதன்று, வெள்ளம் கொண்டதன்று. ஊர் நின்ற மண்ணே அகழ்ந்தெடுக்கப்பட்டுப் பெரும் பள்ளமாயிற்று. அத்தகைய ஊர்கள் நெய்வேலியைச் சூழப் பல.

யாம் ஆசிரியத் தொழில் புரியும் பள்ளியில், ஆண்டுத் தொடக்கத்தில் மாணாக்கர்தம் பெயரும் ஊரும் எழுதிக்கொள்வது வழக்கம். ஒருமுறை நம்மவர் வீட்டுச் சிறுவன் ஒருவன், தன் ஊர் நெய்வேலி நகரியத்தின் இன்ன எண்ணுள்ள வட்டம் என்றான். மறுநாள் அவன் பாட்டனார் தடியூன்றிப் பள்ளிக்கு வந்து, "வாத்தியாரையா! பையன் அறியாமற் சொல்லிவிட்டான். நாங்கள் குடியிருப்பதுதான் வட்டம், ஊர் வேறு. அதை எழுதிக்கொள்ள வேண்டும்" என்றார். அவர் கூறிய ஊர் பல ஆண்டுகட்கு முன்னரே சுரங்கத்துட் சென்றுவிட்டது. அங்கே தபால் செல்லாது; வழியும் இல்லை. ஆதலின் பள்ளிப் பதிவேட்டில் அப்பெயரை எழுத எமக்கு இயலாதாயிற்று. ஆயினும் அவர் மனம் நோவாதபடி எம் சொந்தக் குறிப்பேட்டில் அவர் கண்ணெதிரே எழுதினோம். அன்றுதொட்டு, அத்தகைய முதியோர் இல்லந்தோறும் சென்று கேட்டவற்றை அக்குறிப்பேட்டில் எழுதி வருகின்றோம். அதனினின்றும் பிறந்ததே இக்கட்டுரை.

நிலத்தின் இயல்பு

நெய்வேலி பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சார்ந்தது. 1993-ஆம் ஆண்டில் அந்த ஜில்லா இரண்டாகப் பிரிந்தபின் கடலூர் மாவட்டத்தைச் சார்ந்தது. மேற்கே விருத்தாசலமும், வடக்கே பண்ணுருட்டியும், கிழக்கே வடலூரும் உள. நம் மொழியில் வேலி என்னும் சொல் அரணையும் குறிக்கும்; நில அளவையும் குறிக்கும். ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் அச்சொல், இஃது உழவர் ஊர் என்பதனை நமக்கு நினைவூட்டப் போதும்.

நிலம் செம்மண் மேட்டு நிலம். காவிரிக் கடைமடையிற்போல ஆற்று நீர் பாய்ந்து நெல் விளைந்த பூமியன்று. வரகு, கம்பு, கேழ்வரகு ஆகிய புன்செய்த் தானியங்களே பண்டைநாளிற் பெரும்பாலும் விளைந்தன. பின்னர் மணிலாக் கொட்டை வந்தது. அதனை இப்பகுதியார் மல்லாட்டை என்பர். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரி வழியாகக் கப்பலேறி, பிரெஞ்சு நாட்டு மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகட்குச் சென்றது. எழுத்தறியாத உழவர் விளைத்த பொருள் கடல் கடந்து அயல்நாட்டிற் சவர்க்காரமாய் உருமாறிற்று. பலாவும் முந்திரியும் இம்மண்ணிற்கு உரிமை பூண்டு வளர்ந்தன.

இங்குப் புன்செய் நிலத்தைக் கொல்லை என்பர். ஒவ்வொரு கொல்லைக்கும் ஒரு பெயர் இருந்தது. கிணற்றடிக் கொல்லை, இலுப்பை மரத்துக் கொல்லை, பனையடித் துண்டு என்றாற்போல்வன அவை. அரசாங்கத்துச் சர்வே எண்கள் வந்தபின்னும், மக்கள் வாயில் வழங்கியவை இப்பெயர்களே. எண் கணக்கரது ஏட்டிற்கு ஆயிற்று. பெயர் மக்கள் நாவிற்கு ஆயிற்று.

முதியோர் கூறும் அந்நாள் வாழ்க்கை

எண்பதைக் கடந்த மூதாட்டியார் ஒருவர். ஊரார் அவரை ஆயா என்றே அழைப்பர். அவர் சிறு பெண்ணாய் இருந்த காலத்து வாழ்வை எமக்குப் பலமுறை கூறினார். விடியுமுன் ஆடவர் கவலை பூட்டுவர். எருதுகள் சரிவில் இறங்குந்தோறும் தோற்சால் நிறைந்து மேலே வரும். மகளிர் வாய்க்காலில் மடை திருப்புவர். மல்லாட்டை பறிக்குங் காலத்தில் ஊர் முழுதும் கொல்லையிற் குடியிருக்கும். கொட்டை ஆய்வோர்க்குக் கூலி காசாக அன்றி, ஆய்ந்த அளவிற்கேற்ப மல்லாட்டையாகவே அளக்கப்பெறும். அதனை மடியிற் கொண்டுவந்து, உப்பும் புளியும் மாற்றுவர்.

முந்திரி உடைக்கும் தொழிலை அவர் கூறுங்கால் தம் கைகளை நீட்டிக் காட்டினார். முந்திரியின் மேல்தோட்டில் ஊறும் எண்ணெய் தோலைச் சுடும் தன்மையது. அது பட்டுப் பட்டு அவர் விரல்நுனிகள் கறுத்து வழுவழுத்திருந்தன. நாம் விருந்திற்குப் பாயசத்தில் இடும் பருப்பு அத்தகைய கைகளின் வழியாகவே வந்தது என்பதனை நம் இல்லத்து இளம்பெண்கள் அறிதல் நன்று.

தைப்பூசத்தன்று ஊரார் திரண்டு வடலூருக்கு நடந்து செல்வர். வள்ளலார் 1867-ஆம் ஆண்டில் அங்கு நிறுவிய சத்திய தருமச்சாலையும், 1872-ஆம் ஆண்டில் அமைத்த சத்திய ஞானசபையும் இப்பகுதி மக்கட்கு அண்மைக் கோயில்கள் போல்வன. மழை பொய்த்த ஆண்டுகளில், தருமச்சாலையின் அணையா அடுப்பை நம்பி நடந்தாரும் உளர் என்று ஆயா சொன்னார். பங்குனி உத்திரத்தில் வேலுடையான்பட்டு முருகன் திருக்கோயிலுக்குக் காவடி எடுப்பர். இவ்விரண்டு நாள்களே அவ்வூர்ப் பெண்டிர் ஊர்ப்புறம் கடந்த நாள்கள்.

இவ்வாழ்வை யாம் பொற்காலம் என்று புனைந்துரைக்க விரும்பவில்லை. மருத்துவம் இன்மையால் மாண்ட மகவுகள் பல. ஊரில் எழுதப் படிக்க அறிந்தோர் விரலில் எண்ணத்தக்கோர். குளத்து நீரில் அனைவர்க்கும் ஒத்த உரிமை இருந்ததில்லை. ஆயாவே, "பசி இருந்தது தம்பி, அதையும் எழுதிக்கொள்" என்றார். ஆதலின் எழுதினோம்.

கரி கண்ட வரலாறு

1935-ஆம் ஆண்டை ஒட்டி, நெய்வேலியிற் பெருநிலக்கிழாராய் விளங்கிய திரு. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீர்வேண்டி ஆழ்துளைக் கிணறு தோண்டுவித்தார். நீரோடு கரிய பொருள் ஒன்று கலந்து வெளிப்பட்டது. அவர் அதனைப் புறக்கணியாது அரசினர்க்கு அறிவித்தார். பின்னர் 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் துளையிட்டு ஆராய்ந்து, அஃது எரிபொருளாகிய பழுப்பு நிலக்கரி என உறுதி செய்தனர். கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் இங்குத் தழைத்த காடுகள் மண்ணுட் புதைந்து கரியாயின.

அக்கரியை எடுத்தல் எளிதன்று. மேலே மூடியிருக்கும் மண்ணும் மணற்கல்லும் மிக ஆழமானவை. அவற்றை முழுதும் அகற்றினாலன்றிக் கரி தோன்றாது. கரிக்குக் கீழோ, பேரழுத்தத்துடன் அடைபட்ட நிலத்தடி நீர் உள்ளது. மேலுள்ள பாரம் நீங்கின் அந்நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்து பொங்கும். அதனால் சுரங்கத்தைச் சூழக் கிணறுகள் இறக்கி, அல்லும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே கரியை வெட்டல் வேண்டும். நீருக்காகத் தோண்டிய இடத்திற் கரி வந்தது. கரிக்காகத் தோண்டிய இடத்தில் நீரை இறைத்துத் தள்ள வேண்டியதாயிற்று.

1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாளில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. அந்நாளில் நம் மாநில முதலமைச்சர் காமராசர். 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் நேரு அகழ்பணியைத் தொடங்கி வைத்தார். ஜெர்மனியிலிருந்து, வாளிகள் கோத்த பெருஞ்சக்கரம் பூண்ட அகழ்பொறிகள் வந்தன. தொழிலாளர் அவற்றைப் பக்கெட் வீல் என்பர். இந்நிலத்து மணற்கல் அப்பொறிகளின் எஃகுப் பற்களையும் தேய்த்தது. 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கரி வெளிப்பட்டது. 1962-ஆம் ஆண்டில், சோவியத்து நாட்டு உதவியால் அமைந்த அனல்மின் நிலையம் மின்சாரம் ஈந்தது. லெக்கோ என்னும் கரிக்கட்டி சென்னை நகரத்து இல்லங்களின் அடுப்பிலும் எரிந்தது. 600 மெகாவாட் வலிமையுடையதாய் வளர்ந்த அம்முதல் அனல்மின் நிலையம் 2020-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுவிட்டது. ஊர் இழந்த முதியோரிற் சிலர், அந்நிலையம் தோன்றுதற்கு முன்னும் வாழ்ந்து, அது மூடப்பெற்ற பின்னும் வாழ்கின்றனர். ஒரு பெருந்தொழிற்சாலையின் ஆயுளினும் ஒரு மனிதரின் ஆயுள் நீண்டது என்பது வியப்பே.

ஊர் பெயர்ந்த நாள்கள்

பள்ளிக்கு வந்த அப்பாட்டனார், நேரு வந்த நாளில் பத்து வயதினர். தந்தையார் கையைப் பற்றிக்கொண்டு கூட்டத்தில் நின்றார். "எல்லோரும் பிரதமரைப் பார்த்தார்கள். என் அப்பா இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்" என்றார். சில ஆண்டுகள் கழித்து அவ்வூரிலும் தண்டோரா போட்டனர்.

அக்காலத்து வழங்கிய 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், பட்டா உடையாரை நோக்கியே இயற்றப்பட்டது. நிலத்திற்கும் வீட்டிற்கும் மரத்திற்கும் அந்நாளைய மதிப்பின்படி பணம் தரப்பெற்றது. கையிற் பணம் பிடித்துப் பழகாத குடும்பங்களில் அது நெடுநாள் தங்கவில்லை. குத்தகைக்கு உழுதோர்க்கும், கூலிக்குக் களை பறித்தோர்க்கும், அவ்வூரையே நம்பி மண்கலம் வனைந்தோர்க்கும் எழுத்தில் இடம் அரிதாயிற்று. நிலமில்லாதாரும் நிலத்தால் வாழ்வோரே என்னும் உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2013-ஆம் ஆண்டில் இயற்றிய புதிய சட்டத்திலேதான். அது நடைமுறைக்கு வந்தது 2014-ஆம் ஆண்டு சனவரியில். இடைப்பட்ட காலத்தில் மூன்று தலைமுறை கழிந்தது.

புறப்படும் நாளில் மக்கள் கதவையும் நிலையையும் பெயர்த்தனர்; உத்தரங்களை வண்டியில் ஏற்றினர். அம்மியும் உரலும் வந்தன. கிணற்றை ஏற்ற வண்டி இல்லை. குலதெய்வத்திற்கு மட்டும் ஒரு வழி இருந்தது. கோயிலடியிற் பூசை செய்து, அவ்விடத்து மண்ணை ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, புதிய இடத்தில் இட்டுக் கோயில் எழுப்புதல் நம் நாட்டு வழக்கம். அதனைப் பிடிமண் என்பர். அவ்வாறு பிடிமண் சுமந்து வந்தவர் ஆயாவின் மாமியார். ஒரு நாள் முழுதும் உண்ணாது, பேசாது, முடிச்சை மடியிற் கொண்டு வண்டியில் அமர்ந்திருந்தார் என்றார் ஆயா.

பாட்டனார்க்குப் பின்னாளிற் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. பல்லாண்டுகள் உழைத்தார். அவ்வூதியத்தால் மக்களைப் படிக்கவைத்தார், பெண்களைக் கொடுத்தார், நிழல் மரங்கள் நிறைந்த நகரியத்து வீதியில் இன்று மகனோடு அமைதியாய் வாழ்கின்றார். நிறுவனத்தை அவர் வைதாரல்லர். ஆனால் ஒன்று சொன்னார். ஒரு நாள் இரவு முறையில், மண் சுமந்து ஓடும் பட்டையின் அருகே நின்று காவல் செய்துகொண்டிருந்தபோது, மண்ணோடு செங்கற்கள் வந்தன. வட்டக் கிணற்றுக்கென்றே வளைத்துச் சுட்ட செங்கற்கள் அவை. அன்று எப்பகுதியில் பொறி வெட்டுகிறது என்று மேலாளரிடம் கேட்டறிந்தார். அது தம் ஊர்க் கிணறு. "பட்டையை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டு, நிறுத்தக் காரணம் இல்லை" என்றார். இதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை, யாமும் கேட்கவில்லை.

நெய்வேலிக் கரியால் தமிழ்நாட்டு ஊர்கள் பல விளக்குப் பெற்றன. நம் பிள்ளைகள் அவ்வொளியிற் படித்தனர். இதனை மறைத்துப் பேசுதல் நன்றி கொன்ற குற்றமாம். அவ்வொளிக்கு விலையாகச் சிலர் தம் ஊரையே கொடுத்தனர் என்பதனை மறத்தலும் அதே குற்றமாம். இவ்விலை கொடுக்கப்பட்டு முடிந்த பழங்கதையும் அன்று. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் வீசிய தானே புயலில், எஞ்சிய முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2023-ஆம் ஆண்டு சூலையில், வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களிற் கால்வாய்க்காக மண் வெட்டப்பட்டபோது நாடெங்கும் பேச்செழுந்தது. அந்நாளில் எம் குறிப்பேட்டு முதியோரிற் பலர், தம் இளமையை மீண்டும் கண்டதாகக் கூறினர்.

பிற நாட்டுச் செய்தி

ஊர் மறைதல் நெய்வேலிக்கே உரியதன்று. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை முடிந்தபோது காவிரிக் கரையூர்கள் பல நீருள் மூழ்கின. ஆயினும் அங்கு ஓர் ஆறுதல் உண்டு. கோடையில் நீர்மட்டம் தாழும்போது, பண்ணவாடி அருகே பழைய சலகண்டேசுரர் கோயிலின் நந்தி நீருக்குமேல் தலைகாட்டும். மக்கள் சென்று கண்டு வருவர். நீர் மூடிய ஊர் மீண்டும் தோன்றும். அகழ்ந்த ஊர் தோன்றாது.

அப்பெரும்பொறிகளை நமக்கு அனுப்பிய ஜெர்மன் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. அந்நாட்டின் கிழக்கெல்லையில் லுசாத்தியா என்னும் பகுதி உள்ளது. அங்கே சோர்பியர் என்னும் சிறுபான்மை மக்கள் தமக்கெனத் தனிமொழி உடையராய் வாழ்கின்றனர். பழுப்பு நிலக்கரிக்காக அப்பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் அழிக்கப்பட்டன. அவற்றுள் ஹோர்னோ என்பது ஒன்று. அவ்வூரார் நெடுங்காலம் வழக்காடியும் வெல்லாது, 2000-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் வேறிடம் பெயர்ந்தனர். பெயர்ந்த இடத்தில் அவர்கள் ஒரு செயல் செய்தனர். மறைந்துபோன ஊர்கட்கெல்லாம் ஓர் ஆவணக்காப்பகம் ஆங்கு 2006-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. எவ்வூர் எங்கிருந்தது, எந்நாளிற் சென்றது என்பவற்றை இன்று ஒரு சிறுவனும் அங்குச் சென்று அறியலாம். ஊரை மீட்க இயலாதவர்கள் ஊரின் பெயரை மீட்டுக்கொண்டனர்.

எம் பிழை

இனி யாம் ஒரு பிழையை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். தம் ஊர்க் கொல்லைகளின் பெயர்களை ஆயா ஒருநாள் வரிசையாகக் கூறத் தொடங்கினார். ஊரின் வடபுறத்தினின்று புறப்பட்டு, கண்களை மூடிக்கொண்டு, வரப்பின்மேல் நடப்பார் போலச் சொல்லிச் சென்றார். பதினேழு பெயர்கள் எழுதினோம். பொழுது சாய்ந்தது, அவர்க்கும் களைப்பு உண்டாயிற்று. "தென்புறம் முழுதும் இருக்கிறது தம்பி, அடுத்த வாரம் வா" என்றார். அடுத்த வாரம் பள்ளியில் தேர்வு வேலை. அதற்கடுத்த வாரம் விடைத்தாள் திருத்தம். விடுமுறையிற் செல்லலாம் என்று இருந்துவிட்டோம். விடுமுறையில் யாம் சென்றபோது வாயிலிற் பந்தல் இருந்தது. பதினாறாம் நாட் சடங்கிற்கே சென்று சேர்ந்தோம்.

அவ்வூரின் வடபுறம் எம் குறிப்பேட்டில் உள்ளது. தென்புறம் எங்கும் இல்லை. நிலத்தைப் பொறி கொண்டது. பெயரை எம் சோம்பல் கொண்டது. முன்னதற்குக் காரணமாய் நாட்டின் தேவையைச் சொல்லலாம். பின்னதற்கு யாம் என்ன காரணம் சொல்வோம்?

நாம் செய்யத்தக்கது

ஆதலின் நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நும் இல்லத்தில் எழுபது கடந்தவர் இருப்பின், இத்திங்களிலேயே ஒரு நாளை ஒதுக்குமின். பிள்ளைகளை அருகிருத்தி, கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதச் செய்ம்மின்.

முதலாவது, பிறந்த ஊரும் அதன் கொல்லைப் பெயர்களும் கிணறுகளும். இரண்டாவது, குலதெய்வம் எவ்விடத்திருந்தது, பிடிமண் யார் சுமந்தார் என்பது. மூன்றாவது, விளைந்த பயிர்களும், அளந்த அளவைகளும், பெற்ற கூலியும். நான்காவது, ஊரை விட்ட ஆண்டு, சென்ற வழி, முதலிரவு தங்கிய இடம். ஐந்தாவது, அவ்வூரில் உடன் வாழ்ந்த பிற மக்கள்.

இவ்வைந்தாவதனை வற்புறுத்திக் கூறுகின்றோம். நம்மவர் பெயரை மட்டும் எழுதின் அது குடும்பக் குறிப்பேயன்றி ஊர் வரலாறு ஆகாது. பாட்டனாரின் ஊர்க் கிணற்றை வெட்டியவர் நம்மவரல்லர். அக்கிணற்றில் நீர் முகக்க அவர்க்கு உரிமையும் இருந்ததில்லை. ஆயினும் பாட்டனார்க்கு அவர் பெயர் நினைவிருந்தது. "அவர் பெயரை முதலில் எழுதுங்கள்" என்றார். அவ்வாறே எழுதினோம். கிணறு போயிற்று, அதனைச் சார்ந்த வேற்றுமையும் போதல் வேண்டும், வெட்டியவர் பெயர் நிற்றல் வேண்டும்.

எழுதியவற்றை இவ்விதழ்க்கு அனுப்பின், திங்கள்தோறும் ஓர் ஊராக வெளியிடலாம். எழுத்துப் பிழையைப் பற்றி யாரும் அஞ்சற்க. பிழை திருத்தல் எம் போன்ற ஆசிரியர்க்கு உரிய தொழில். சொல்லாத பெயரைத் திருத்தி எழுத மட்டும் எவராலும் இயலாது.

முடிவுரை

முன்னே கூறிய சிறுவன் இப்பொழுது உயர்நிலைப் பள்ளியிற் பயில்கின்றான். அண்மையில் அவன் வீட்டுத் திருமணத்திற்கு அழைப்பிதழ் வந்தது. அதன்கண் பாட்டனாரின் பெயர்க்கு முன்னே ஊர்ப்பெயர் அச்சாகியிருந்தது. அவ்வூர் எங்குள்ளது என்று மணமகள் வீட்டார் வினவினராம். சிறுவன் விடை கூறினானாம். ஊர் இருந்த திசை, கிணறு, கோயில், ஊர் விட்ட ஆண்டு ஆகிய அனைத்தையும் ஒன்றுவிடாது சொன்னான் என்று பாட்டனார் எம்மிடம் மகிழ்ந்துரைத்தார். பிடிமண் சுமக்கும் கைகள் அவ்வீட்டில் இன்னும் உள.

அத்தகைய கைகள் நம் இல்லந்தோறும் உண்டாகுக. முதியோர் நீடு வாழ்க!